சுட்ட நாக்கு தானே ஆறும், மேலே எதையும் தடவாமல் இருந்தால்

மும்பை சயானில் குடியிருக்கும் 34 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். கால் சென்டரில் வேலை, தமிழிலும் இந்தியிலும் நாள் முழுக்கப் பேச வேண்டும். ஒரு மழைநாள் காலை ஸ்டேஷன் வாசலில் கட்டிங் சாய் (அரை கிளாஸ் டீ) வாங்கியிருக்கிறார். லோக்கல் ரயில் வரும் சத்தம் கேட்டதும் பாதி கிளாஸை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு ஓடினார். வண்டியில் ஏறிய பிறகுதான் நாக்கு எரிய ஆரம்பித்தது. கையில் தண்ணீர் இல்லை. ஆபீஸ் போய்ச் சேர்ந்ததும் கேன்டீன் ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் கட்டியை எடுத்து நாக்கில் வைத்தார். அது ஒட்டிக்கொண்டது, பிடுங்கியபோது தோலும் சேர்ந்து வந்தது.

அன்று மாலை மாமியார் கிராம்பு எண்ணெய் தடவினார். பக்கத்து வீட்டு மாவ்ஷி (மராத்தியில் சித்தி), "கொஞ்சம் மிஷ்ரி தேய், மரத்துப்போகும்" என்று வறுத்த புகையிலைப் பொடியைத் தேய்க்கச் சொல்லிக் கொடுத்தார். மருந்துக் கடையில் ஒரு மரத்துப்போகும் ஜெல், பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை, மூன்று நாள் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். கடிதம் எழுதிய அன்று ஆறாவது நாள். நுனி நாக்கில் வெள்ளைப் படலம். ரசம்கூட வெந்நீர் மாதிரி இருக்கிறது. ஃபோன் டார்ச்சை அடித்துக் கண்ணாடியில் பார்த்தபோது நாக்கின் பின்கோடியில், தொண்டைக்குப் பக்கத்தில் வரிசையாகச் சிவப்புக் கொப்புளங்கள் தெரிந்தன. இணையத்தில் தேடிப்பார்த்துவிட்டு, நாக்குப் புற்றுநோயோ என்று இரண்டு இரவு தூங்கவில்லை. "நாக்கு சுட்டதுக்கெல்லாம் ஆஸ்பத்திரியா?" என்கிறார் கணவர். இதற்கு நடுவே, தாய்ப்பால் குடிக்கும் பத்து மாதப் பையன் சூடான பருப்புச் சாதத்தில் வாய் வைத்து அழ, மாமியார் அவன் நாக்கில் தேன் தடவியிருக்கிறார். அது சரியா என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

உங்களைத் தூங்கவிடாத விஷயத்தை முதலில் பார்த்துவிடுவோம். நாக்கின் பின்பக்கம், தொண்டைக்குச் சற்று முன்னால், ஆங்கில 'V' எழுத்துப் போல வளைந்து ஒரு வரிசையாக எட்டு முதல் பன்னிரண்டு வரை பெரிய உருண்டை முண்டுகள் எல்லாருக்குமே உண்டு. சுவை மொட்டுகள் நிறைய உள்ள இடம் அது. பிறந்ததிலிருந்து உங்கள் வாயில் இருப்பவைதான், டார்ச் அடித்து எட்டிப் பார்த்தது இப்போதுதான். நாக்கில் ஏதாவது வலி வந்த பிறகு கண்ணாடி முன்னால் நின்று இவற்றை முதன்முறையாகப் பார்த்துப் பதறி வருகிறவர்கள் எங்கள் ஓ.பி.யில் வாடிக்கை. உங்கள் கணவர் நாக்கை நீட்டச் சொல்லி அவர் வாயிலும் டார்ச் அடித்துப் பாருங்கள், அதே வரிசை இருக்கும். ஒருமுறை டீ சுட்டதால் ஆறு நாளில் புற்றுநோய் வராது. அந்தப் பயத்தை இன்றோடு விட்டுவிடலாம்.

சுவை போய்விட்டதே என்ற கவலையும் அப்படித்தான். சுவையை உணரும் செல்கள் உடம்பில் வேகமாகப் புதுப்பிக்கப்படும் செல்களில் சேர்ந்தவை. சாதாரணமாகவே பத்து நாள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பழையவை போய்ப் புதியவை வந்துகொண்டிருக்கும். சுட்ட இடத்திலும் அதுதான் நடக்கிறது. அந்த வெள்ளைப் படலம் வெந்துபோன மேல்தோல். அடியில் புதுத்தோல் வளர்ந்ததும் தானாக உதிரும். பிரஷ் வைத்தோ டங் கிளீனர் வைத்தோ வழிக்காதீர்கள், நகத்தால் உரிக்கவும் வேண்டாம். வாயின் உள்தோலுக்கு ரத்த ஓட்டம் அதிகம், எச்சிலிலேயே புண்ணை ஆற்றும் பொருள்கள் இருக்கின்றன. அதனால் கையில் பட்ட சூட்டுப்புண்ணைவிட நாக்குப் புண் சீக்கிரம் ஆறும். லேசான சூடு நாலைந்து நாளில், உங்களுடையது போல தோல் உரிந்தது இரண்டு வாரத்துக்குள்.

ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குப் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் நாக்கை டீ ஒருமுறைதான் சுட்டது. அதற்குப் பிறகு ஐஸ், கிராம்பு எண்ணெய், மிஷ்ரி என்று மூன்று தடவை அதே புண்ணில் வேறு வேறு காயம் பட்டிருக்கிறது. எல்லாம் அக்கறையில் செய்ததுதான். இருந்தாலும் ஆறாவது நாளும் வலிப்பதற்கு அதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

சுட்டதும் வேண்டியது தண்ணீர் மட்டும்தான்

சுட்ட இடத்தில் தண்ணீர் பட்டால் கொப்புளம் போடும் என்று உங்கள் மாமியார் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நம் வீடுகளில் பலரும் நம்புவது இது. உண்மை நேர்மாறு. டீயைத் துப்பிவிட்டாலும் விழுங்கிவிட்டாலும், தசைக்குள் இறங்கிய சூடு கொஞ்ச நேரம் அங்கேயே நின்று வேகவைத்துக்கொண்டிருக்கும். அதை வெளியே இழுப்பதற்குக் குளிர்ந்த தண்ணீரை விடச் சிறந்தது இல்லை. ஒரு வாய் தண்ணீரை எடுத்து, நாக்கு மூழ்கும்படி வைத்திருந்து, வெதுவெதுப்பானதும் துப்பிவிட்டு அடுத்த வாய். இப்படி ஐந்திலிருந்து பத்து நிமிடம். ஒரு மடக்குக் குடித்துவிட்டு நிறுத்துவது போதாது. ஃப்ரிட்ஜில் பால் இருந்தால் அப்புறம் அதை வாயில் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளலாம், தயிரும் நல்லது. இரண்டும் புண்ணின்மேல் மெல்லிய பூச்சாகப் படிந்து எரிச்சலைக் குறைக்கும்.

ஐஸ் கட்டியை நேராக வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரிந்துவிட்டது. ஈரமான நாக்கில் உறைபனி பட்டதும் அந்த ஈரம் அப்படியே உறைந்து ஒட்டிக்கொள்ளும். இனி எப்போதாவது அப்படி ஒட்டினால் பிடுங்காமல் சாதாரணத் தண்ணீரை ஊற்றுங்கள், விட்டுவிடும். ஐஸ்தான் வேண்டும் என்றால் தண்ணீரில் போட்டு அந்தத் தண்ணீரைக் கொப்பளியுங்கள். குச்சி ஐஸோ குல்ஃபியோ, மேலே கொஞ்சம் உருகிய பிறகு சப்பலாம்.

நாக்கில் கொஞ்சம் சர்க்கரை போட்டுக் கரையவிடுவது பலர் வீட்டு வழக்கம். அதில் கெடுதல் இல்லை. எச்சில் ஊறும், கவனம் மாறும். தண்ணீரில் செய்ய வேண்டியதை முடித்த பிறகு போட்டுக்கொள்ளலாம்.

மிஷ்ரி பற்றி உங்கள் மாவ்ஷிக்கும் சொல்லுங்கள்

கடிதத்தில் எனக்கு உண்மையிலேயே கவலை தந்த வரி இதுதான். சுட்ட நாக்கு எப்படியும் ஆறிவிடும், இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் போகாது. மிஷ்ரி என்பது பல்பொடி இல்லை. வாணலியில் கருக்க வறுத்துப் பொடித்த புகையிலை. மகாராஷ்டிரத்தில் பீடி, சிகரெட் பக்கமே போகாத பெண்கள்கூட "பல் தேய்க்கிறேன்" என்று தினம் இரண்டு மூன்று முறை இதைத் தேய்க்கிறார்கள். தொடக்கம் பெரும்பாலும் பல்வலி, ஈறுவலி, வாய்ப்புண் என்று உங்களுடையது போன்ற ஒரு சின்ன வலிதான். தேய்த்ததும் மரத்துப்போய் ஒரு சுகம் வரும். அது நிக்கோட்டின் செய்கிற வேலை. மறுநாள் வலி இல்லாவிட்டாலும் விரல் டப்பாவைத் தேடும்.

நீங்கள் தேடி பயந்தீர்களே நாக்குப் புற்றுநோய், அதற்கும் வாய்ப்புற்றுநோய்க்கும் நம் நாட்டில் முதன்மையான காரணம் இந்த வகைப் புகையிலைதான். மகாராஷ்டிர அரசு 2012-ல் குட்காவைத் தடைசெய்தது. ஆனால் வீட்டு அடுப்பில் வறுக்கப்படும் மிஷ்ரியை யார் போய்த் தடுப்பது? இன்னொன்று, உங்கள் குழந்தை இன்னும் தாய்ப்பால் குடிக்கிறான். உங்கள் வாயில் தேய்க்கும் நிக்கோட்டின் பாலில் கலந்து அவனுக்கும் போகும். இரண்டு நாள் தேய்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் இப்போது ஒன்றும் ஆகிவிடாது, நிறுத்திவிடுங்கள். மாவ்ஷி மேல் கோபப்படாதீர்கள், அவருக்கு இது மருந்து என்றே யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள். முடிந்தால் அவர் வாயைப் பல் டாக்டரிடம் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள்.

கிராம்பு எண்ணெயும் வேண்டாம். சொத்தைப் பல் குழியில் ஒரு சொட்டுப் பஞ்சில் வைப்பது வேறு, தோல் போன நாக்கில் கலக்காமல் தடவுவது வேறு. அது மென்தோலை இன்னும் எரித்துவிடும். வலி மாத்திரையை விழுங்காமல் புண்ணின்மேல் அடக்கி வைக்கிற பழக்கமும் சிலருக்கு உண்டு. ஆஸ்பிரினை அப்படி வைத்தால் அந்த இடம் வெந்து வெள்ளையாகிவிடும். டூத்பேஸ்ட், மஞ்சள், ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் இவையும் இப்போது பக்கத்தில் வர வேண்டாம்.

மருந்துக் கடையில் கொடுத்தவை

ஜெல்லில் லிக்னோகெய்ன் என்ற மரத்துப்போகச் செய்யும் மருந்து இருப்பதாக அட்டையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தீர்கள். அது தவறான மருந்து இல்லை. ஆனால் ஷிஃப்டுக்கு முன்னால் தடவிக்கொண்டு, அந்த மரப்பு போவதற்குள் டிபன் சாப்பிட்டதால்தான் நாக்கைக் கடித்துக்கொண்டீர்கள். மரத்த நாக்குக்குச் சூடும் தெரியாது, பல் படுவதும் தெரியாது. தடவினால் ஒரு மணி நேரம் எதையும் சாப்பிடாதீர்கள், சூடாக எதையும் குடிக்காதீர்கள். பெட்டியில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் வேண்டாம். வலி அதிகமாக இருக்கும் நாளில் பாராசிட்டமால் 500 மில்லிகிராம் போட்டுக்கொள்ளலாம், ஆறு மணி நேர இடைவெளி விட்டு. பால் கொடுக்கும் தாய்க்கும் அது பாதுகாப்பானது.

பி காம்ப்ளெக்ஸ் சத்துக் குறைவால் வரும் வாய்ப்புண்ணுக்கு உதவும். டீ சுட்டதற்கு அதனிடம் வேலை இல்லை. ஆன்டிபயாடிக் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். நாக்கு சுட்டதற்கு அது தேவையே இல்லை. தேவையில்லாமல் போட்டால் வாயில் உள்ள நல்ல கிருமிகள் அழிந்து, பூஞ்சை படரலாம். அதுவும் வெள்ளையாகத்தான் தெரியும். எப்படி வித்தியாசம் காண்பது? உங்கள் படலம் டீ பட்ட நுனியில் மட்டும் இருந்து, நாளுக்கு நாள் சுருங்கினால் அது வெந்த தோல். டீ படாத கன்னத்தின் உள்பக்கம், அண்ணம் என்று தயிர்த்திட்டு போலப் புதிதாகத் தோன்றினால், துடைத்தால் வந்துவிட்டு அடியில் சிவந்திருந்தால், பூஞ்சையாக இருக்கலாம். அப்போது காட்டுங்கள், சுலபமான மருந்து இருக்கிறது.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒரு தம்ளர் தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு கலந்து, தண்ணீர் சூடாக இல்லாமல், சாப்பாட்டுக்குப் பிறகும் படுக்கும் முன்பும் கொப்பளியுங்கள். தயிர்சாதம், ராகிக் கூழ், மிளகாய் போடாத மோர், வாழைப்பழம், இளநீர் என்று ஒரு வாரம் ஓட்டுங்கள். புளி, எலுமிச்சை, ஊறுகாய், நாக்கைக் கீறும் முறுக்கும் சிப்ஸும் அப்புறம். காரம் கண்டிப்பாக வேண்டாம். சூட்டை உணர்கிற நரம்பின் ஏற்பி எதுவோ அதையேதான் மிளகாயும் தட்டுகிறது. 1997-ல் அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ் குழுவினர் கண்டுபிடித்தது இது, அவருக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்ததற்கும் அதுவே அடிப்படை. சுமார் 43 டிகிரிக்கு மேல் சூடு ஏறினால் அந்த ஏற்பி 'சுடுகிறது' என்று மூளைக்குச் சொல்லும். புண்ணான நாக்கில் அது சும்மாவே உஷாராக இருக்கும், அதனால்தான் வடாபாவின் பூண்டுச் சட்னி உங்களுக்கு நெருப்பாகப் பட்டது. தேன் தடவிக்கொள்ள ஆசை என்றால் நீங்கள் தடவிக்கொள்ளலாம், பெரியவர்களுக்குக் கெடுதல் இல்லை.

பையனுக்குத் தேன் கூடாது

உங்களுக்குச் சரியாக இருக்கும் தேன் பத்து மாதக் குழந்தைக்கு ஆகாது. ஒரு வயது முடியும்வரை ஒரு துளிகூட வேண்டாம். தேனில் சில சமயம் பொட்டுலினம் என்ற கிருமியின் விதைகள் இருக்கும். நம் குடலில் அவை முளைக்காது, கைக்குழந்தையின் குடலில் முளைத்து நரம்பைத் தளர்த்தும் நஞ்சை உண்டாக்கலாம். கொதிக்கவைத்தாலும் அந்த விதைகள் சாகும் என்று நம்ப முடியாது. சேனை தொட்டு வைக்கும் குடும்பங்களில் இதைச் சொல்வது கஷ்டம்தான், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். அத்தையிடம் "டாக்டர் சொன்னார்" என்று என் பெயரில் சொல்லிவிடுங்கள்.

ஏற்கனவே ஒருமுறை தடவியதற்காகக் கலங்க வேண்டாம், இந்த நோய் அபூர்வம். ஒரு மாதம் கவனித்துக்கொள்ளுங்கள். புதிதாக மலச்சிக்கல், பால் உறிஞ்சுவதில் சோர்வு, அழுகை மெலிவது, இமை தொங்குவது, கழுத்து துவளுவது, இதில் எது வந்தாலும் உடனே சயான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், தேன் கொடுத்ததைச் சொல்லுங்கள். உங்கள் மரத்துப்போகும் ஜெல்லையும் அவன் வாயில் வைக்காதீர்கள், பல் முளைக்கும் வலிக்குக்கூட. குழந்தைகளுக்கு லிக்னோகெய்ன் இதயத்தையும் மூளையையும் பாதிக்கலாம், அதே வகை மருந்தான பென்சோகெய்ன் ரத்தத்தில் ஆக்சிஜன் ஓட்டத்தைக் கெடுக்கலாம்.

அவனுக்கு வாய் சுட்டால் தாய்ப்பால் கொடுங்கள், இல்லாவிட்டால் ஸ்பூனில் குளிர்ந்த தண்ணீர் சிறிது சிறிதாக. பருப்புச் சாதம் மேலே ஆறியிருக்கும், நடுவில் கொதித்துக்கொண்டிருக்கும். மைக்ரோவேவில் வைத்தால் இன்னும் மோசம், ஒரு பக்கம் சில்லென்றும் ஒரு பக்கம் கொதிநிலையிலும் இருக்கும். பிசைந்து கிளறி, உங்கள் மணிக்கட்டின் உள்பக்கம் தொட்டுப் பார்த்துவிட்டு ஊட்டுங்கள்.

ஆஸ்பத்திரி எப்போது

உங்கள் கணவர் சொல்வது பெரும்பாலும் சரி. சுட்ட நாக்கோடு வருகிறவர்களில் மிகப் பலருக்கு நாங்கள் செய்ய ஒன்றும் இருப்பதில்லை. ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு, வீட்டில் எல்லாருக்கும் தெரிய வேண்டும். கொதிக்கும் எதையாவது விழுங்கிய பிறகு குரல் அடைத்தாலோ, எச்சில்கூட விழுங்க முடியாமல் வழிந்தாலோ, மூச்சு விடும்போது சத்தம் வந்தாலோ, தொண்டை உள்ளே வீங்குகிறது என்று அர்த்தம். குழந்தைகளுக்கு இது சட்டென்று வரும். வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்காமல், நேராக உட்காரவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களும் கொஞ்சம் முன்னதாகவே காட்ட வேண்டும், புண் மெதுவாக ஆறும். பல்செட் போட்ட பெரியவர்களுக்கு அண்ணத்தில் சூடு தெரியாது, அத்தைக்கு டீ கொடுக்கும்போது நினைவில் வையுங்கள்.

வேலை பற்றியும் கேட்டிருந்தீர்கள். பேசினால் புண் பெரிதாகாது. ஆனால் ஒவ்வொரு 'ல'வுக்கும் 'த'வுக்கும் நுனி நாக்கு பல்லிலோ மேல் ஈறிலோ போய் இடிக்கிறது, எட்டு மணி நேரம் அதைத் தாங்குவது வேதனை. இரண்டு மூன்று நாள் சாட் அல்லது இமெயில் பிரிவுக்கு மாற்றித் தரக் கேளுங்கள், இல்லாவிட்டால் விடுப்பு எடுங்கள். பக்கத்து டாக்டர் ஒரு சான்றிதழ் எழுதித் தருவார். நாக்கு சுட்டதற்கா என்று கூச்சப்பட வேண்டாம், பேச்சே உங்கள் பிழைப்பு.

சூடான டீ குடித்தால் புற்றுநோய் என்று படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதில் பாதி உண்மை இருப்பதால் விளக்குகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-ல், 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை' என்ற பட்டியலில் சேர்த்தது. அது சொன்னது உணவுக்குழாய்ப் புற்றுநோயை, நாக்கை அல்ல. பல வருடம் தினம் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பவர்களைப் பற்றியது அது, ஒருமுறை சுட்டுக்கொண்டவர்களைப் பற்றியது அல்ல. டீயோ காபியோ குற்றவாளி இல்லை, சூடுதான். தினமும் லோக்கலைப் பிடிக்கும் அவசரத்தில் கொதிக்கக் குடிப்பது உங்கள் வழக்கமாக இருந்தால் அதை மாற்றிக்கொள்ளுங்கள். பால் ஆடை படிந்த டீயில் ஆவி தெரியாது, அடியில் சூடு அப்படியே இருக்கும். காகிதக் கப்பில் கைக்கும் தெரிவதில்லை. இன்னொரு காலி கிளாஸ் கேட்டு நாலு ஆற்று ஆற்றுங்கள், அதற்கு நேரமில்லை என்றால் அன்றைக்கு டீ வேண்டாம்.

சுட்ட நாளிலிருந்து இரண்டு வாரம் கழித்தும் புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால், அல்லது தோல் எல்லாம் ஆறிய பிறகும் எரிச்சல் மட்டும் நீடித்தால், அவசியம் காட்டுங்கள். எரிச்சல் மட்டும் என்றால் ரத்தத்தில் இரும்பும் பி12-ம் பார்க்க வேண்டியிருக்கும், பால் கொடுக்கும் பெண்களுக்கு இரண்டும் குறைவது சகஜம். மும்பை சென்ட்ரலில் நாயர் பல் மருத்துவக் கல்லூரியிலும், சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையம் பக்கம் அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும் வாய் நோய்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய்ச் சீட்டு வாங்குங்கள். மாத்திரை அட்டைகளையும் ஜெல்லையும் எடுத்துச் செல்லுங்கள், மிஷ்ரி தேய்த்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள்.